நான்கு மடிப்பு வெண்கோல்: ஒரு மதிப்பீடு

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் விற்கும் கடையொன்றில் அண்மையில் வாங்கிய நான்கு மடிப்பு அலுமினிய வெண்கோலை, எடையையும் விலையையும்விட, தரையைப் பற்றிய செய்தியை எவ்வளவு சிதையாமல் கைக்குக் கொண்டுவருகிறது என்பதை வைத்தே மதிப்பிடுகிறேன். கோலின் நுனி கல்லில் மோதும்போது எழும் அதிர்வைத் தோல் உணர்கிறது. அந்தக் கணத்தில் மணிக்கட்டு எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருந்தது என்பதைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகள் தெரிவிக்கின்றன. இரண்டையும் மூளை சேர்த்துப் படிப்பதால்தான், தடை இருப்பது உள்ளங்கையில் அல்ல, கோலின் நுனியில் என்று தெரிகிறது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மரக்கோலைப் பிடித்திருந்தவர்கள் அதன்மீது எந்த இடத்தில் அடி விழுந்தது என்பதைப் பார்க்காமலேயே வியக்கத்தக்க துல்லியத்துடன் காட்டினார்கள்.

மடிப்புக் கோலில் இணைப்புகள் தளர்ந்திருந்தால் இந்த அதிர்வு வழியிலேயே மழுங்கிவிடும். இக்கோலின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இறுக்கமாக இருப்பதால், உதறியதும் துண்டுகள் சட்டென்று பொருந்திக்கொள்கின்றன. தட்டினால் கடகடவென்ற ஓசை இல்லை.

உடன் வரும் இரண்டு நுனிகளில் உருளும் நுனியே எனக்குப் பிடித்தது. மெட்ரோ நிலையத்து மஞ்சள் ஓடுகளில் வழிகாட்டும் நீள்வரிகள் முடிந்து எச்சரிக்கும் புள்ளிகள் தொடங்கும் இடத்தை, இடவலமாக ஒருமுறை வீசியதுமே அது காட்டிக்கொடுக்கிறது. கோலை அசைக்காமல் வெறுமனே ஊன்றி நின்றால் இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் இந்த நுனி கனமானது. சுழற்றும்போது கோல் தரும் எதிர்ப்பைக் கொண்டே கை அதன் நீளத்தை உணர்வதால், நுனியை மாற்றியதும் கோலே நீண்டுவிட்டதுபோலத் தோன்றும்; பழகும்வரை படிக்கட்டுகளில் நிதானம் தேவை.

கைப்பிடிதான் குறை. "கை வலிக்காது சார்" என்று கடைக்காரர் புகழ்ந்த மெத்தென்ற உறை, தாருக்கும் சிமெண்டுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. ஆட்காட்டி விரல் படியும் இடத்திலாவது உறையைத் தட்டையாகவும் மெல்லியதாகவும் அமைத்திருக்கலாம். வாங்குவோர் நிமிர்ந்து நின்று, நெஞ்செலும்பு வரையாவது எட்டும் நீளத்தைத் தேர்ந்தெடுக்கவும். மாற்று எலாஸ்டிக் கயிறு அந்தக் கடையில் தனியாகக் கிடைப்பதில்லை.