ஃபிபோனாச்சி கோடுகளோடு சில வருஷங்கள்: ஸ்விங் டிரேடிங்கில் என் அனுபவம்

எனக்கு வேலை மும்பை ஃபோர்ட்டில், வீடு செம்பூரில். சந்தை நடக்கிற ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை நான் ஆபீஸில் வவுச்சர்களோடு உட்கார்ந்திருப்பேன். அதனால் அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே எனக்குச் சரிப்படாது. எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கமும் போவதில்லை. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024-ல் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொன்னது. டெலிவரியில் வாங்கி, பத்து இருபது நாள் வைத்திருந்து விற்பதுதான் என் வழக்கம். 2020 ஜூனில் ஆரம்பித்ததிலிருந்து ஃபிபோனாச்சி விகிதங்களை (1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் எண்வரிசையிலிருந்து வரும் 38.2, 61.8 போன்ற சதவீதங்கள்) வைத்து வரையும் பேட்டர்ன்களை விடாமல் பயன்படுத்தி வருகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை எங்கே திரும்பக்கூடும், எந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்பதை இந்தக் கோடுகள் நன்றாகவே காட்டுகின்றன. எப்போது வாங்க வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. இது எனக்கு உறைக்க இரண்டு வருஷமும் கொஞ்சம் பணமும் செலவாயின.

கணக்கு இப்படித்தான். ஒரு பங்கு 400 ரூபாயிலிருந்து 500-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து: 400 எக்ஸ், 500 ஏ. அங்கிருந்து 455-க்கு இறங்கினால் அது பி. ஏறிய நூறு ரூபாயில் 45 திரும்பிப் போய்விட்டது. பிறகு 486 வரை ஏறி, மறுபடி இறங்க ஆரம்பிக்கிறது, 486 சி. பி 38.2 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவில் விழுந்ததால் இதற்கு வவ்வால் பேட்டர்ன் என்று பெயர். கடைசி முனையான டி, அதாவது விலை மறுபடி மேலே திரும்பும் என்று எதிர்பார்க்கும் இடம், எக்ஸ்-ஏ நீளத்தில் 88.6 சதவீதம் கீழே, அதாவது 411 ரூபாய் 40 காசு. சரிபார்க்க இன்னொரு கணக்கு உண்டு: சி-யிலிருந்து இறங்கியது, பி-யிலிருந்து ஏறியதைப் போல 1.618 முதல் 2.618 மடங்கு வரை இருக்க வேண்டும். இங்கே 31 ரூபாய் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 75 ரூபாய் இறக்கம், 2.4 மடங்கு. பொருந்துகிறது. பி 61.8 சதவீதத்தில் விழுந்திருந்தால் அது கார்ட்லி பேட்டர்ன், டி 78.6 சதவீதத்தில், 421 ரூபாய் 40 காசில் வரும்.

பங்குச் சந்தை பற்றி எழுதிய அமெரிக்கர் கார்ட்லி 1935-ல் இந்த வடிவத்தைப் பற்றி எழுதியபோது அதில் ஃபிபோனாச்சி விகிதமே கிடையாது. அதைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். வவ்வாலை 2001-ல் ஸ்காட் கார்னி வகுத்தார். அந்த ஃபிபோனாச்சி எண்வரிசையும் ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை வைத்தே வரிசை வந்துவிடும். மூன்று மாத்திரையைக் குறில் நெடிலால் நிரப்ப 3 வழி, நாலு மாத்திரைக்கு 5, ஐந்துக்கு 8. சமஸ்கிருத யாப்புக்காக ஹேமசந்திரர் 1150 வாக்கில் இதைச் சொன்னார். ஃபிபோனாச்சி என்று அழைக்கப்படும் பீசா நகரத்து லியோனார்டோ எழுதியது 1202-ல். என் மகளுக்கு எழுத்திலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது இதைக் காட்டினேன், உடனே நோட்டை எடுத்து ஆறு மாத்திரைக்குப் போட்டுப் பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் டி வரும் விலைக்கே லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு வந்தால்தான் வாங்கு என்கிற ஆர்டர்) போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவேன். 2021-ல் ஒரு மருந்து கம்பெனிப் பங்கில் வவ்வால் அப்படியே அளந்து வைத்ததுபோல் வந்தது. டி-யில் வாங்கினேன். எக்ஸுக்குச் சற்றுக் கீழே ஜிடிடி-யில் (விலை ஒரு அளவைத் தொட்டால் தானே கிளம்பும் ஆர்டர்) ஸ்டாப் லாஸும், அதாவது நஷ்டத்தை அங்கேயே நிறுத்தும் விற்பனையும் போட்டேன்: 640-ல் டிரிகர், 638-ல் விற்பனை விலை. மறுநாள் சாயங்காலம் காலாண்டு ரிசல்ட் வந்தது, நன்றாக இல்லை. அதற்கடுத்த நாள் பங்கு திறந்ததே 597-ல். டிரிகர் வேலை செய்தது. ஆனால் சந்தையே 597-ல் இருக்கும்போது 638-க்கு யார் வாங்குவார்கள்? ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியான சாப்பாட்டு நேரத்தில்தான் போனைப் பார்த்தேன். கையில் டப்பாவை வைத்துக்கொண்டே 588-க்கு விற்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வந்தது. ரிசல்ட் தேதி ஒரு வாரத்துக்குள் இருந்தால் எவ்வளவு அழகான பேட்டர்னாக இருந்தாலும் தொடுவதில்லை. இரண்டாவது, டி-யில் வாங்குவதில்லை. விலை அந்த இடத்தைத் தொட வேண்டும், ஒரு கேண்டில் (சார்ட்டில் ஒரு நாளின் விலைகளைக் காட்டும் கட்டை) அங்கே முடிய வேண்டும், அடுத்த நாள் அந்த கேண்டிலின் உச்சத்தைத் தாண்ட வேண்டும். அப்புறம்தான் வாங்குவேன். மேலே சொன்ன உதாரணத்தில் 411-க்குப் பதில் 418-க்கு வாங்குவதாக வரும். ஸ்டாப் லாஸ் 397, அதாவது ஒரு பங்குக்கு 21 ரூபாய் ரிஸ்க். முதல் இலக்கு, ஏ-யிலிருந்து டி வரை இறங்கியதில் 38.2 சதவீதம் மீண்டால், 445. அங்கே பாதியை விற்றுவிடுவேன். மீதி 61.8 சதவீதத்துக்கு, 466. இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டில் ஒரு டிரேடில் நஷ்டம் 2,000-க்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருப்பதால் 95 பங்கு, அதற்கு மேல் இல்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றிவருவது இந்த 95-தான்.

ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியில் பட்டதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் 7,511 வரை விழுந்த நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,604-ஐத் தொட்டது. 2022-ல் இறங்க ஆரம்பித்ததும் 38.2 சதவீதம் எங்கே என்று போட்டேன்: 14,367. அங்கே வந்தால் வாங்குவது என்று பணத்தோடு காத்திருந்தேன். ஜூன் 17 அன்று 15,183-ல் திரும்பியது. என் கோட்டுக்கு எண்ணூறு புள்ளி மேலேயே. டிசம்பரில் 18,888-ஐத் தொடும் வரை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இறக்கத்தில் அப்படி நடக்கவில்லை. 15,183-லிருந்து 18,888 வரை ஏறியதில் பாதி என்றால் 17,036, 61.8 சதவீதம் என்றால் 16,598. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பேங்க் மூழ்கிய அந்த 2023 மார்ச்சில் நிஃப்டி இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து, 20-ஆம் தேதி 16,828-ல் திரும்பியது. இடம் சரி. ஆனால் அந்த இடமே நானூறு புள்ளிக்கு மேல் அகலம்! உள்ளே இருக்கும்போது இதுதான் அடி என்று யாருக்கும் தெரியாது. மார்ச் 31 அன்று 17,360-ல் முடிந்த பிறகு, திங்கட்கிழமை இண்டெக்ஸ் ஈடிஎஃப் (நிஃப்டியோடு ஏறி இறங்கும் ஃபண்ட்) வாங்கினேன். அடியிலிருந்து ஐந்நூறு புள்ளி விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் கோடு போட்டுக்கொண்டிருந்ததை என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "கோடு வாங்கச் சொல்லுதா, இல்ல வாங்கணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி கோடு போடுறீங்களா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. 38.2, 50, 61.8, 78.6, 88.6, 127, 161.8 என்று இத்தனை அளவு இருக்கும்போது எந்த விலையும் ஏதாவது ஒரு கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். எக்ஸை ஒரு கேண்டில் தள்ளி வைத்தால் போதும், வேண்டிய இடத்தில் டி வந்துவிடும். நானும் அதைச் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து எக்ஸையும் ஏ-யையும் வாராந்திர சார்ட்டில், யார் பார்த்தாலும் தெரிகிற முனைகளில் மட்டும்தான் வைக்கிறேன். விலை டி-க்கு வருவதற்கு முன்னாலேயே அதைத் தேதியோடு நோட்டில் பேனாவால் எழுதிவிடுகிறேன். அப்படி எழுதியவற்றில் பாதிக்கு மேல் டி வரை வருவதே இல்லை. வந்தவற்றிலும் சில நிற்காமல் போய்விடுகின்றன. நண்டு, பட்டாம்பூச்சி என்ற பேட்டர்ன்கள் இரண்டையும் கைவிட்டுவிட்டேன். அவற்றில் டி எக்ஸையும் தாண்டிப் போய்விடும், ஸ்டாப் லாஸ் எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

செலவையும் கணக்கில் வையுங்கள். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி, அதாவது பங்குப் பரிவர்த்தனை வரி. 2024 ஜூலை 23 முதல் ஒரு வருஷத்துக்குள் விற்ற லாபத்துக்கு வரி 15-லிருந்து 20 சதவீதமாகிவிட்டது. இரண்டு மூன்று சதவீத இலக்குக்காக அலைவதில் இப்போது அர்த்தம் இல்லை.

பேட்டர்னைத் தானே கண்டுபிடித்துத் தரும் ஸ்கேனர் ஒன்றுக்கு ஒரு வருஷம் சந்தா கட்டினேன். பழைய சார்ட்டில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். நடப்பு சார்ட்டிலோ ஜிக்ஜாக்கின் (உச்சிகளையும் அடிகளையும் இணைத்து அது போடும் கோடு) கடைசிக் கால் தினமும் நகரும். நேற்று டி என்று காட்டியது இன்று இன்னும் கீழே போயிருக்கும். ரிசல்ட் தேதியும் அதற்குத் தெரியாது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் முப்பது சார்ட் கையால் போடுகிறேன். ஒன்றரை மணி நேரம் ஆகிறது.