கறுப்பு வெள்ளைத் தன்னுருவப் படம்: கேமராவிலேயே மாற்றுவதா, கணினியில் மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஏறத்தாழப் பத்து மாதங்களாக என்னை நானே கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் பழகி வருகிறேன். கேமரா ஈப்போவில் வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர். அதனுடன் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. முதல் ஐந்து மாதங்கள் கேமராவை மோனோகுரோம் என்னும் கறுப்பு வெள்ளை அமைப்பில் வைத்து, அது தரும் ஜேபெக் கோப்பை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதன்பின், வண்ணத் தரவு முழுவதையும் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்துக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும் வழிக்கு வந்தேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். கேமராவில் மாற்றினால் வேலை அங்கேயே முடிகிறது, கோப்பும் சிறியது; என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஜேபெக் ஒன்று ஏழெட்டு மெகாபைட் என்றால் ரா ஒன்று 25ஐத் தாண்டுகிறது. ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும், 14 பிட் ரா 16,384 படிநிலைகள் வரை வைத்திருக்கும் என்பதால், நிழலில் கிடக்கும் கன்னத்தைப் பின்னர் வெளிச்சத்துக்குக் கொண்டுவர ரா கோப்பே தாங்கும்.

கேமராவிலேயே மாற்றுவதில் எனக்குப் பிடித்தது அதன் திரை. பின்புறத் திரையில் படம் உடனே சாம்பல் நிறத்தில் வந்துவிடுவதால், நீலம் அடித்த சுவரும் சிவப்புச் சேலையும் கண்ணை ஏமாற்றுவதில்லை. வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுகிறது, மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்பது மட்டுமே கண்ணில் படுகிறது. சன்னலுக்கு நேரே உட்கார்ந்தால் முகம் தட்டையாகிவிடும் என்பதையும், நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் தாடை எலும்பு எழுந்து நிற்கும் என்பதையும் நான் கற்றது அந்த ஐந்து மாதங்களில்தான்.

என் மனத்தை மாற்றியது நெற்றிக் குங்குமம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த கையோடு நாற்காலியில் அமர்ந்தேன். முகத்தின் நிழல் பக்கம் விவரமில்லாமல் கறுத்து வந்ததால், மோனோகுரோம் அமைப்பிலேயே இருக்கும் சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து இருபது படங்கள் எடுத்தேன். முகம் விரும்பியபடி தெளிந்து வந்தது. திரையைப் பார்த்த அம்மா, “ஏண்டி, பொட்டு வைக்காமலா உட்கார்ந்தே?” என்றார். பொட்டு நெற்றியில் இருந்தது, படத்தில்தான் இல்லை. சிவப்பு வடிகட்டி சிவப்பானவற்றையெல்லாம் வெளுப்பாகக் காட்டும் என்பதால், குங்குமம் தோலின் சாம்பலோடு கலந்து மறைந்துவிட்டது. உதடுகளும் வெளிறி, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவளைப் போல இருந்தேன். ஜேபெக்கில் வண்ணம் எதுவும் மிஞ்சாததால் மீட்க வழியில்லை. கணினியில் கறுப்பு வட்டம் ஒன்றை வரைந்து பார்த்தேன். அது கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டைப் போல இருந்தது.

காரணம் எளியது. நம்மவர் தோல், மாநிறமானாலும் கறுப்பானாலும், வண்ண வட்டத்தில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியில் விழுகிறது. குங்குமமும் உதடும் அதற்கு அடுத்த சிவப்பில் விழுகின்றன. கேமராவின் வடிகட்டி முழுப் படத்துக்கும் ஒரே கணக்கைப் போடுகிறது. கணினியிலோ ஆரஞ்சின் ஒளியளவைச் சற்றுக் கூட்டிச் சிவப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், முகம் தெளியும்போதே பொட்டும் கறுத்து நிற்கிறது. உதடும் சேர்ந்து கறுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில், சிவப்பு வடிகட்டிக்கு நேர்மாறாகக் குங்குமம் கரியாகவும், செம்மை கலந்த நம் தோல் இருப்பதைவிடக் கறுப்பாகவும் பதிந்தன. ஆரஞ்சை அளவுக்கு மீறிக் கூட்டினால் தோலின் மடிப்புகள் கரைந்து பொம்மை முகம் வந்துவிடும்; முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பதையே அழகு என்று நினைக்கும் பட நிலையப் பழக்கம் எனக்கு உவப்பானதன்று. குறைத்தாலோ கண்ணுக்குக் கீழுள்ள கருவளையமும் தாடையிலுள்ள என் அம்மைத் தழும்பும் முன்னுக்கு வரும். சில நாட்களில் அந்தத் தழும்பு தெரியட்டும் என்றே குறைத்து வைக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால், பால்மரம் (ரப்பர்) அழிந்து செம்பனையான தோட்டத்தின் ஓரத்தில் எடுத்த படங்களிலும் இதே சிக்கல்தான். பழுப்பு முகமும் பச்சை ஓலையும் நேரடி மாற்றத்தில் ஒரே சாம்பலாகி, தலை எங்கே முடிகிறது, ஓலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயின. பச்சையையும் மஞ்சளையும் குறைத்ததும் ஓலைகள் இருளுக்குள் பின்வாங்கின.

பிறரைப் படம் பிடிப்பவருக்கு இது இவ்வளவு முக்கியமில்லை. அவர் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம். தன்னைத் தானே எடுப்பவர் பார்க்க வேண்டிய நேரத்தில் கேமராவின் மறுபக்கத்தில் இருக்கிறார். நான் நாற்காலியில் துடைப்பத்தைச் சாய்த்து நிறுத்தி, அதன் கைப்பிடியில் ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, துளையளவை எஃப் 5.6இல் வைத்து, 10 விநாடி டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் உட்காருகிறேன். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் எடுத்த தன்னுருவப் படத்தில், அவர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியே இருக்கிறார். சட்டகத்தைப் பார்க்க ஆளில்லாதபோது அப்படித்தான் அமையும். எடுக்கும் நொடியில் காண முடியாததைப் பின்னர் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய இடம் தருகிறது என்பதற்காகவே 25 மெகாபைட்டைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மென்பொருளுக்கு நான் வைத்திருப்பது இலவசமான டார்க்டேபிள். அதில் கலர் ஸோன்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு நிறத்தின் ஒளியளவையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். பழக இரண்டு வாரம் பிடித்தது, நடுவில் இரண்டு முறை கைவிட்டேன். லைட்ரூம் இன்னும் எளிது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். சோதனைக் காலத்துக்கு மேல் நான் அதைப் பயன்படுத்தவில்லை என்பதால் அதற்குமேல் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. கைப்பேசியில் ஸ்நாப்சீட் தரும் கறுப்பு வெள்ளைக் கருவி, கேமராவைப் போலவே முழுப் படத்துக்கும் ஒரு வடிகட்டியைத்தான் போடுகிறது. கைநீட்டி எடுக்கும் தம்படத்தில் மூக்கு பெருத்துவிடும் என்பது தனிக் குறை. மேலே சொன்னவை அனைத்தும் என் ஒருத்தியின் முகத்தில் பார்த்தவை. மிகச் சிவந்த மேனியருக்கு ஆரஞ்சுக் கணக்கு வேறு அளவில் வரக்கூடும்.

இரண்டையும் விட மனமில்லாதவர்கள், கேமராவை ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதியும்படி வைத்து, படப் பாணியை மட்டும் மோனோகுரோமுக்கு மாற்றிக்கொள்ளலாம். திரையில் சாம்பல் தெரியும், ரா கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும். கணினியில் திறந்ததும் படம் வண்ணத்தில் வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். முதல் முறை நான் ஏதோ கெடுத்துவிட்டதாக எண்ணி நாற்பது கோப்புகளை அழிக்கப் போனேன்.

அச்சிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்ணப்பட இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையை அச்சிட்டால் பல நேரங்களில் பச்சையோ ஊதாவோ லேசாகப் படியும். முதல் பிரதியில் எனக்குப் பச்சை அடித்திருந்தது; இரண்டாவது சரியாக வந்தது. அம்மா கேட்டு வாங்கி அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருப்பது பச்சை அடித்த பிரதியைத்தான். மாற்றித் தருகிறேன் என்றதற்கு, பொட்டு தெரிகிறதே, இதுவே இருக்கட்டும் என்றுவிட்டார்.