ஹீட் ஆகுது என்றால் உடனே தேர்மோஸ்டற்றைக் கழற்றுவதா?

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்த பிறகும் புதுசு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, பழைய ஜப்பான் கார் ஒன்று பார்க்கிறேன், உன்னுடையது எப்படி என்று கல்முனை நண்பர் கேட்டார். என்னுடையது தொண்ணூறுகளில் வந்த 1500 சிசி பெட்ரோல் கார். மொடலைச் சொன்னால் அதே காரை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்லப்போவது ஹீட் ஆவதைப் பற்றி மட்டும்.

ஏசி போட்டுக்கொண்டு காத்தான்குடியில் பேரீச்சை மரங்களின் ஓரம் ஊர்ந்தால் ஹீட் காட்டும் மீற்றர் முள் ஏறும். ஆரையம்பதி தாண்டி வேகம் எடுத்தால் தானாக இறங்கும். பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிடும். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கிறது. ஊரும்போது ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. ரேடியேற்றர் உள்ளே அடைத்திருந்தாலோ வாட்டர் பம்ப் பழுதென்றாலோ பெரும்பாலும் வேகத்திலும் ஏற்றத்திலும்தான் சூடேறும். ஆகவே என் சந்தேகம் காற்றின் மேல்.

இதையெல்லாம் கராஜில் சொல்லி முடிக்கவில்லை, "தேர்மோஸ்டற்றைக் கழட்டி எறிவம், எங்கட வெயிலுக்கு அது என்னத்துக்கு" என்றார் பாஸ். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகாமல் மறிக்கும் வால்வுதான் தேர்மோஸ்டற். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் அது பெஞ்சில் கிடந்தது. காத்தான்குடியில் முள் பழையபடி ஏறியது. விடியற்காலையில் மட்டும் ஏறவே மாட்டேன் என்று, குளிரைக் குறிக்கும் C எழுத்தை ஒட்டிக் கிடந்தது. எஞ்சின் குளிர்ந்தபடி ஓடினால் பெட்ரோலைக் குடிக்கும்; குடித்தது.

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இது. தேர்மோஸ்டற் குறித்த சூட்டுக்கு வந்ததும் திறந்துவிடும். எனதில் 82 என்றே பொறித்திருக்கிறது, அதாவது 82 பாகை. திறந்த பிறகு அது எதையும் மறிப்பதில்லை. இன்னொன்று, பல ஜப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்டற்றின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேலே திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். முழுசாகக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கம் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஹீட் குறைக்கச் செய்த வேலை ஹீட்டைக் கூட்டும். நியாயமாகச் சொன்னால், மூடியபடி இறுகிப்போன தேர்மோஸ்டற் எஞ்சினை அவித்துவிடும் என்பதும் உண்மை. அப்படியானால் புதிது போடுங்கள். பார்க்க வழியா இல்லை? சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன், என்னுடையது ஒழுங்காகத் திறந்தது. திரும்பப் பூட்டிவிட்டேன்.

அடுத்த கராஜில் ஹெட் காஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல், போய்விட்டது என்றார்கள். அதற்கான அறிகுறி எதுவும் இல்லை: ரேடியேற்றர் வாயில் குமிழி இல்லை, வெள்ளைப் புகை இல்லை, ஒயில் பால் நிறமாகவில்லை, கூலன்ட் குறையவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் பிடித்தவர் ஏசி வேலை செய்யும் ஒரு காக்கா, எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றத் தொடங்கியதும் கிரில்லை ஒட்டிப் பத்திரிகைத் தாள் ஒன்றைப் பிடித்துக் கையை எடுத்தார். ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் ஒட்டியிருக்க வேண்டிய தாள் வழுக்கி விழுந்தது. "ஃபேன் சுத்தினாக் காணுமா தம்பி, காத்து இழுக்கணுமே." ரேடியேற்றரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்து டோர்ச் அடித்தார். கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் நெற்பதர், வைக்கோல் தூசு, வண்டுச் சிறகு, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிக் கம்பளம் மாதிரிக் கிடந்தது. அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துத் தெருவெல்லாம் நெல் காயும். முன்னால் போகும் வாகனம் கிளப்பும் பதரை என் கார் வருசக்கணக்காக விழுங்கியிருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்றுதான் இருக்கும்.

எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினார். அழுத்தமாக அடிக்கும் சேர்விஸ் கன்னால் அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேற்றர் மூடியின் ரப்பரும் காய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். அந்த அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அப்புறம், கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றாதீர்கள், உள்ளே படிந்து அடைக்கும்.

இப்போது பின்னேர நெரிசலில் ஏசியோடு நின்றாலும் முள் பாதியிலேயே நிற்கிறது. இவ்வளவு சூட்டையும் தாங்கி ஹெட் வளையாமல் நிற்கிற எஞ்சினைத் தங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். வேலைக்கு லீவு போட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்கப் போகாமல் கராஜில் காவல் நிற்க உங்களால் முடியாது. என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்டால், அது விற்பனைக்கு இல்லை.