இலக்குச் சுட ஒரு .22 கைத்துப்பாக்கி: எதை வாங்கலாம்?

காகித இலக்கில் ஓட்டை போடுவதற்கு மட்டும், கையைக் கடிக்காத விலையில் ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடுவதாகப் பாருங்கள் (பெயரில் ரைஃபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கியிலும் சுடுவதுதான்; .22 என்பது அங்குலக் கணக்கில் அதன் குறுக்களவு). 1887-இல் வந்த தோட்டா இது, இன்றைக்கும் இதற்கு மாற்று வரவில்லை. 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் இதில் பல வாங்கலாம். உதைப்பு மிகக் குறைவு. புதிதாகச் சுடுபவர்களைக் கெடுப்பது, வெடிப்பு வரப்போகிறது என்ற பயத்தில் சுடுவதற்கு ஒரு கணம் முன்பே குழலைக் கீழே அமுக்கிவிடும் பழக்கம். பெரிய துப்பாக்கியில் தொடங்கினால் அது ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும், விலக மாதக்கணக்கில் ஆகும். .22-இல் அந்தப் பயத்துக்கு வேலை குறைவு.

மாடல்களுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. உரிமம், வயது, வைத்திருக்கும் முறை, எடுத்துச் செல்லும் முறை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் கைத்துப்பாக்கி வாங்கவே முடியாது. உங்கள் இடத்துச் சட்டத்தை முதலில் முழுதாகத் தெரிந்துகொண்டு, அனுமதி பெற்ற சுடுகளத்தில் பயிற்சியாளர் ஒருவரிடம் சில வாரம் பழகிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள். கைத்துப்பாக்கிக்கு வழியே இல்லாத இடத்தில் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் நல்ல விளையாட்டு. ஆனால் அதற்கும் உள்ளூர் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை ஏணியின் அடிப்படியில் இரண்டு ரிவால்வர்கள்: ஹெரிடேஜ் ரஃப் ரைடர், ரூகர் ராங்லர். இரண்டும் பழைய கௌபாய் பாணி. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். ஆறு தோட்டா போடும் வகையைத்தான் இங்கே பேசுகிறேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும், காலிக் கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அந்த மெதுவே நல்லது. ஒவ்வொரு தோட்டாவையும் யோசித்துச் சுடுவார், பெட்டியும் சீக்கிரம் காலியாகாது.

இரண்டில் ரஃப் ரைடர்தான் விலை குறைவு. இன்னும் நீளமான, வலுவான .22 மேக்னம் தோட்டாவுக்கான கூடுதல் சிலிண்டரோடும் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) இது கிடைக்கிறது. இருந்தும் நான் ராங்லர் பக்கம்தான் நிற்பேன். காரணம் பாதுகாப்பு. 2019-இல் வந்த ராங்லரில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற சின்னத் தகடு இருக்கிறது. டிரிகரை முழுதாக இழுத்தால்தான் அந்தத் தகடு மேலே வந்து சுத்தியின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டாலும் அந்த அடி தோட்டாவைச் சேராது. ரஃப் ரைடரில் இதற்குப் பதிலாகச் சுத்திக்குப் பக்கத்தில் கையால் போடும் ஒரு பூட்டு இருக்கிறது. போட நினைவிருந்தால்தான் பயன். மறந்தாலும் காப்பாற்றும் அமைப்பு ஒன்று இருக்கும்போது, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டின் அடிப்படை மாடல்களுக்கும் பொதுவான ஒரு குறை, குறி பார்க்கும் சைட் அசையாதது. உங்கள் கையில் எல்லாத் தோட்டாவும் இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழுந்தால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு அங்குலம் வலப்பக்கம் குறி வைத்துப் பழக வேண்டியதுதான். தகர டப்பாவுக்கு அது போதும். வட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி எண்ண ஆரம்பித்துவிட்டால் எரிச்சலாகிவிடும். 2023-இல் வந்த சூப்பர் ராங்லரில் திருப்பி அமைக்கும் சைட்டும் எஃகுச் சட்டமும் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும்.

அடுத்த படி டாரஸ் டிஎக்ஸ்22. 2019-இல் வந்தது. பிளாஸ்டிக் சட்டம், 16 தோட்டா மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் பெரிய பிஸ்டலின் அளவும் வடிவமும் என்பதால் கை நிறையப் பிடிக்கலாம். வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளை வேகமாகச் சுட இதைவிடக் குதூகலமான துப்பாக்கி இந்த விலையில் கிடைப்பது அரிது. ஆனால் காகிதத்தின் நடுவட்டம்தான் உங்கள் ஆசை என்றால் அந்த எடைக்குறைவே எதிரி. கனமான துப்பாக்கி கையின் நடுக்கத்தை விழுங்கும், லேசானது அப்படியே இலக்கில் காட்டிக்கொடுக்கும். வால்தர் பி22, ரூகர் எஸ்ஆர்22 போன்ற இன்னும் சிறியவற்றுக்கும் இதுவே பதில். மூன்றரை அங்குலக் குழலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது, அதனால் சின்னப் பிசகும் தூரத்தில் பெரிதாகத் தெரியும்.

<b>மூன்று போட்டியாளர்கள்</b>

உண்மையான போட்டி ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ஆகிய மூன்றுக்கும் இடையில்தான். இவற்றின் அடிப்படை மாடல்கள் ராங்லரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அந்தக் காசு எங்கே போகிறது என்றால், முதலில் குழலுக்கு. மூன்றிலும் குழல் சட்டத்தோடு இறுக்கமாக நிற்கிறது, பின்பக்கம் உள்ள துண்டு மட்டும் முன்னும் பின்னும் ஓடுகிறது. முன் சைட்டும் பின் சைட்டும் அசையாத பாகங்களில் இருக்கின்றன. குழலும் சைட்டும் ஒன்றுக்கொன்று நகராதபோது, குறி வைத்த இடத்துக்கும் தோட்டா போகும் இடத்துக்கும் உள்ள உறவும் மாறாது. மூன்றுமே 10 தோட்டா மேகசின், மூன்றிலும் ஐந்தரை அங்குலக் கனத்த குழல் கிடைக்கிறது.

துல்லியத்தில் இவற்றைப் பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் நிதானச் சுற்று இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 5 செ.மீ. பொருத்தமான தோட்டாவும் மணல்மூட்டைத் தாங்கலும் இருந்தால் மூன்றுமே அந்த வட்டத்தோடு போராடத் தகுதியானவை. நின்றபடி ஒற்றைக் கையை நீட்டி அதைச் செய்ய நம்மால் முடியாது. தடை நம் கையில் இருக்கிறது. அதனால் கையோடு நேரடியாகப் பேசும் இரண்டு விஷயங்களை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்: பிடியும் டிரிகரும்.

பிடியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கடைக்காரர் முன்னால் மேகசினைக் கழற்றி, குழலின் பின்னால் தோட்டா நிற்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசை எது என்று அவரிடமே கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திசையில் துப்பாக்கியை இயல்பாக உயர்த்திப் பிடியுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது உங்கள் பிடி. மார்க் 4 சாதாரண வகையின் பிடி 1949-இல் வந்த முதல் ரூகர் பிஸ்டலின் வழியில் நன்றாகச் சாய்ந்தது. சிலருக்கு அது வரம், சிலருக்குக் குழல் வானத்தைப் பார்க்கும். அவர்களுக்காகவே 22/45 என்ற வகை, நிமிர்ந்த பிடியோடும் பிளாஸ்டிக் சட்டத்தோடும் வருகிறது. பக் மார்க்கின் பிடி இரண்டுக்கும் நடுவில், என் சின்னக் கைக்கு முதல் முறையே பொருந்தியது. விக்டரியின் பிடி கொஞ்சம் தடிமன், நீண்ட விரல்காரர்களுக்குப் பிடிக்கும்.

டிரிகரில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட்டால் பக் மார்க்தான் முன்னால் நிற்கிறது. கண்ணாடிக் குச்சி ஒடிவது போல, இழுக்க இழுக்க நகராமல் சட்டென்று விடும். 1985-இலிருந்து வரும் துப்பாக்கி இது, அந்தப் பெயரை டிரிகரால்தான் காப்பாற்றி வருகிறது. மார்க் 4-இன் டிரிகர் நல்லதுதான், சற்றுக் கனம். அதற்கு மாற்று உதிரிகள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் அது தனிச் செலவு. விக்டரி நடுத்தரம்.

சுத்தம் செய்வதில் நிலைமை தலைகீழ். 2016-இல் வந்த மார்க் 4-இன் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் மேல்பாதி கீல் போல மடங்கிக் கழன்றுவிடும். அதற்கு முந்தைய மார்க் வரிசையைக் கழற்றி மாட்டுவது பேர்போன தலைவலி என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. விக்டரிக்கு ஒரே ஒரு திருகு, ஓர் அறுகோணச் சாவி. அதைக் கழற்றினால் குழலையே மாற்றலாம். பக் மார்க்கிலும் சாவியோடு மேலே உள்ள திருகுகளைக் கழற்ற வேண்டும், அவை நாளடைவில் தளரும். சுடுகளத்துக்குப் போகும் முன் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது.

பழைய மார்க் 4 வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரான மார்க் 4-களை, பூட்டு நடுவாக நிற்கும்போது டிரிகரை இழுத்தால் பிறகு பூட்டை விடுவிக்கையில் சுட்டுவிடக்கூடும் என்று நிறுவனமே திரும்ப அழைத்தது. சரிசெய்யப்பட்டதா என்று வரிசை எண்ணை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

<b>தோட்டாவும் மற்றதும்</b>

.22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். அது ஓரிடத்தில் விடுபட்டிருந்தால், எந்த நல்ல துப்பாக்கியிலும் டிரிகரை இழுத்தும் வெடிக்காமல் போகும். அப்படி நடந்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. ரிவால்வர்கள் எந்த வகை .22 லாங் ரைஃபிள் தோட்டாவையும் சாப்பிடும். பிஸ்டல்கள் அப்படியில்லை. ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றில் சிக்கும். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிறகு பிடித்ததை மொத்தமாக வாங்குங்கள். இலக்குக்கு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையில், ஒலியின் வேகத்துக்கு உட்பட்ட சாதாரண வேகத் தோட்டாவிலிருந்து தொடங்குவது என் வழக்கம். டிஎக்ஸ்22 போன்ற லேசானவை அதிவேகத் தோட்டாவில் நன்றாக ஓடும்.

பட்ஜெட் போடும்போது துப்பாக்கியின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். காதுக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். சிறிய தோட்டா என்றாலும் கைத்துப்பாக்கியின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், காது ஒருமுறை கெட்டால் திரும்பாது. பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு வேண்டும். தோட்டாவில் ஈயம் இருப்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

சரி, என் முடிவு. காசு மிகவும் இறுக்கம் என்றால் ராங்லர் வாங்கி மிச்சத்தைத் தோட்டாவில் போடுங்கள். இரும்புத் தட்டும் வேகமும்தான் ஆசை என்றால் டிஎக்ஸ்22. காகிதத்தில் புள்ளி எண்ணப் போகிறீர்கள் என்றால் பக் மார்க். துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்வது மாதத்துக்கு ஒரு நாள் வேலை, டிரிகரை இழுப்பது ஒவ்வொரு தோட்டாவுக்கும். அந்தக் கணக்கு எனக்குப் பக் மார்க் பக்கமே சாய்கிறது. திருகும் சாவியும் உங்களுக்கு ஒத்துவராது என்றால் மார்க் 4 22/45-ஐ வாங்குங்கள், வருந்த மாட்டீர்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுகளம் அருகில் இருந்தால் இரண்டிலும் ஐம்பது ஐம்பது சுட்டு, இரண்டு காகிதங்களையும் வீட்டுக்கு எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஓட்டைகள் ஒரே மாதிரி நெருக்கமாக இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள்.