ஆறு வருஷ பழனி பாதயாத்திரையும் பேப்பர் டேப்பும்: என் கால் அனுபவம்

காரைக்குடில இருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா தைப்பூசத்துக்கு ஆறு வருஷமா நடந்து போறேன். மொத வருஷம் புது ஷூவ மாட்டிட்டு கிளம்பி, சிங்கம்புணரி தாண்டும்போது ரெண்டு குதிங்காலும் கொப்புளம். கேம்ப்ல மருந்து போட்ட நர்ஸக்கா, "தம்பி, சுருக்குன்னு எரியும்போதே நின்னிருக்கணும், எல்லாரும் உடைஞ்சப்புறம்தான் வர்றீங்க"ன்னு சொன்னாங்க. அது அப்படியே மனசுல நின்னுருச்சு.

அடுத்த வருஷத்துல இருந்து மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற, காயத்துக்கு கட்டு ஒட்டுற பேப்பர் டேப்தான். விடியக்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி கால நல்லா தொடச்சு காயவிட்டு, குதிங்கால்லயும் சுண்டுவிரல் ஓரத்துலயும் சுருக்கம் விழாம ஒட்டணும், மூலைய கத்தரிக்கோலால வட்டமா வெட்டிட்டா சாக்ஸ்ல மாட்டி உரியாது. ஈரக்கால்ல ஒட்டுனா பத்து நிமிஷம்கூட நிக்காது. 2016ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி டாக்டருங்க நாள்கணக்கா அல்ட்ரா மாரத்தான் (மாரத்தான விட நீளமான ஓட்டம்) ஓடுறவங்க கால்ல இதே டேப்ப ஒட்டிப் பாத்து கொப்புளம் குறையுதுன்னு சொல்லிருக்காங்க, எனக்கும் அப்படித்தான், அஞ்சு வருஷத்துல ரெண்டே கொப்புளம். அதையும் தோல பிச்சு எடுக்கல, அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி.

தொடை உரசலுக்கு தேங்கா எண்ணெய் சரிப்படல, வேர்வையோட சீக்கிரமே போயிடுது, வாசலின் தாங்குது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது ஷூ இறுக்கமா இருந்ததால, நடக்க நடக்க கால் வீங்கும், அதனால சாயங்காலமா போய் ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. தார் ரோடு ஓரத்துல சரிவா இருக்கும், ஒரே பக்கமா நடந்தா முட்டியோட வெளிப்பக்கம் பிடிச்சுக்கும், முடிஞ்சப்பல்லாம் மண் தரைல இறங்கிடுறேன்.

டேப்பால தீராதது குதிகால் வலி. காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது ஆணி குத்துற மாதிரி இருக்கும், நாலடி நடந்தா அடங்கும். கெண்டைக்கால இழுத்து நீட்டுறதும், ஐஸ் பாட்டில பாதத்துக்கு கீழ உருட்டுறதும் ஆறேழு மாசம் விடாம செஞ்சுதான் குறைஞ்சது.

சக்கரை உள்ளவங்க தயவுசெஞ்சு வெறுங்காலோட மத்தியான தார் ரோட்டுல இறங்காதீங்க, சுடுறதே தெரியாது. எங்க குரூப்ல ஒரு பெரியப்பாவுக்கு பாதமே வெந்துபோய், அப்புறம் மாட்டுன சாக்ஸ்ல ரத்தத்தப் பாத்துதான் எங்களுக்கே தெரிஞ்சது. தெனம் ராத்திரி படுக்கும்போது டார்ச் அடிச்சு அவர் கால நாந்தான் பாக்குறேன்.