ஐஸ் ஹாக்கி: என்.எச்.எல். விதியா, உலகப் போட்டி விதியா? புதியவர் எதில் தொடங்கலாம்?

ஐஸ் ஹாக்கிக்கு ஒரே விதிப்புத்தகம் கிடையாது. வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல். (நேஷனல் ஹாக்கி லீக்) தன் விதிப்படி ஆடுகிறது. ஒலிம்பிக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கின்றன. புதிதாகப் பார்க்க வருபவருக்கு என் சிபாரிசு சர்வதேச விதிதான், ஒரே ஒரு விஷயம் நீங்கலாக.

அடிப்படையில் இரண்டும் ஒன்றே. கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர், 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். விசில் ஊதினால் கடிகாரமும் நிற்கும். பக் எனப்படும் ரப்பர் வட்டு எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைக் கடப்பதற்குள் தாக்கும் அணியின் ஆள் உள்ளே நுழைந்துவிட்டால் ஆஃப்சைடு. நடுக்கோட்டுக்கு இப்பாலிருந்து அடித்த பக், யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஐசிங். அடித்த அணியின் கோலுக்குப் பக்கத்திலேயே ஆட்டம் மறுபடி தொடங்கும். எதிராளியை ஸ்டிக்கால் இடறினால் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். அதுவரை எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். அதுதான் பவர் பிளே. இவ்வளவு தெரிந்தால் ஆட்டம் பார்க்கப் போதும்.

களத்தின் அளவில் சிறு வேறுபாடு உண்டு. என்.எச்.எல். களத்தின் அகலம் 26 மீட்டர். ஐரோப்பாவில் 30 மீட்டர் வரை போகும். அகலம் குறைந்தால் மோதல் கூடும்.

மோதல் முற்றிச் சண்டையானால் இரண்டு விதிகளும் நன்றாகவே பிரிகின்றன. என்.எச்.எல்.லில் இருவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் குத்த ஆரம்பித்தால், நடுவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் தோன்றும். ஒருவர் கீழே விழுந்த பிறகோ கை ஓய்ந்த பிறகோதான் விலக்குவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்டனை. முடிந்ததும் இருவரும் ஆட வரலாம். சர்வதேசப் போட்டியில் சண்டை போட்டவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது, உடைமாற்றும் அறைக்குப் போய்விட வேண்டியதுதான். விதி கற்கும் ஒருவருக்கு இதுவே தெளிவு என்பேன். என்.எச்.எல். ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புள்ளிக் கணக்கிலும் சர்வதேச விதிக்கே என் வாக்கு. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. கூடுதல் நேரத்தில் வென்றால் 2, தோற்றால் 1. ஆக, எந்த ஆட்டமானாலும் பங்கிடப்படுவது மூன்று புள்ளிதான். என்.எச்.எல்.லில் எப்படி வென்றாலும் 2, கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கு 1. சில ஆட்டங்களுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு புள்ளி முளைத்துவிடுகிறது.

கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால், வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிப்பதுதான் ஷூட்அவுட். அதிலும் ஒரு சுவையான வேறுபாடு. என்.எச்.எல்.லில் அணியிலுள்ள மற்றவர்கள் எல்லாரும் அடித்து முடிக்கும்வரை ஒருவர் இரண்டாம் முறை வர முடியாது. சர்வதேச விதியில் முதல் சுற்று சமனானால், அதன்பின் ஒருவரையே திரும்பத் திரும்ப அனுப்பலாம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்கா டி.ஜே. ஓஷியை அப்படித்தான் ஆறு முறை அனுப்பியது. நான்கை அவர் கோலாக்கினார். அமெரிக்கா 3-2 என வென்றது.

நான் விதிவிலக்காகச் சொன்னது இனிமேல்தான். கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம் சமனில் நின்றால் என்.எச்.எல். பிளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில்) கோல்கீப்பர் நீங்கலாக ஐந்துக்கு ஐந்து என்று முழுப் பலத்தோடு, யாராவது கோல் போடும்வரை 20 நிமிடம் 20 நிமிடமாக ஆடிக்கொண்டே போவார்கள். 1936 மார்ச்சில் மாண்ட்ரியலில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மாண்ட்ரியல் மரூன்ஸும் கோலின்றி ஆறாவது கூடுதல் பகுதிவரை போனார்கள். மட் புருனட்டோ என்ற இளம் வீரர் ஆட்டத்தை முடித்தபோது 176 நிமிடம் கடந்திருந்தது. சர்வதேச இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம் மூன்றுக்கு மூன்று. களம் வெட்டவெளியாகிவிடும். 2025 மே மாதம் ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் 60 நிமிடம் 0-0 என்று மல்லுக்கட்டினார்கள். கூடுதல் நேரத்தில் இரண்டு நிமிடம் கடந்ததும் டேஜ் தாம்சன் அடித்தார், கதை முடிந்தது. ஒலிம்பிக்கோடு சேராமல் தனியாக நடந்த உலகச் சாம்பியன்ஷிப்களில், 1933க்குப் பிறகு அமெரிக்கா வென்ற முதல் பட்டம் அது. இருந்தும், அறுபது நிமிடம் ஆடியது ஓர் ஆட்டம், தீர்ப்பு சொன்னது வேறோர் ஆட்டம் என்றே எனக்குப் பட்டது.

உலகச் சாம்பியன்ஷிப் வழக்கமாக மே மாதத்தில் வரும். ஐரோப்பாவில் நடந்தால் நம் ஊர் நேரத்துக்கு மாலையிலும் இரவிலும் பார்க்கலாம். என்.எச்.எல். பிளேஆஃபும் அதே சமயத்தில்தான், ஆனால் பெரும்பாலும் விடியற்காலையில்.