போர்க்கள முதலுதவிப் பயிற்சி: கை வலிக்கும், ஆனாலும் போகலாம்

படைவீரர்களும் பொதுமக்களும் ஒன்றாக உட்காரும் வகுப்பு என்பதால் பாதி நேரம் ஸ்லைடிலேயே போகும் என்று நினைத்தேன், இல்லை. எடுத்த எடுப்பிலேயே டூர்னிக்கெட்தான் (ரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டை). காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டில் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தையும் எழுத வேண்டும். வலிக்கிறதே என்று தளர்த்தக் கூடாது. அக்குள், தொடை இடுக்கில் அதைக் கட்ட முடியாது, அங்கே ரத்தம் உறையவைக்கும் காஸ் துணியைக் காயத்துக்குள் திணித்துக் குறைந்தது 3 நிமிடம் அழுத்தவேண்டும் (மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அழுத்தினால்தான் தெரியும்). இருட்டில், சத்தத்துக்கு நடுவே, ஒரே கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் பயிற்சிக்கே கொடுத்த காசு சரி. மார்புக் காயத்தை மட்டும் அவசரமாக ஓட்டிவிட்டார்கள். அப்புறம், பயிற்சியில் முறுக்கிய டூர்னிக்கெட்டை நிஜ முதலுதவிப் பையில் வைக்காதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள்.